யாராண்ட வந்துச்சு?

வேலூர் கொசப்பேட்டையில் பெயர்ப்பலகை எழுதும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தவறு என்பதை உணர எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் கணினி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்குப் புதிதாகக் கணினி அறை அமைந்தபோது அதற்குத் தமிழில் பலகை வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்பினார். திட்டத்தின் பெயரில் ஐ.சி.டி. (இன்ஃபர்மேஷன் அண்ட் கம்யூனிகேஷன் டெக்னாலஜி) என்று இருந்ததால், ‘தகவல் தொடர்பு தொழில்நுட்ப ஆய்வகம்’ என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “போன வாரம் காட்பாடி பக்கம் ஒரு இஸ்கூலுக்கு ‘தகவல் தொழில்நுட்ப ஆய்வகம்’னு எழுதிக் குடுத்தேன். நீங்க நடுவுல ‘தொடர்பு’ன்னு ஒண்ணு சேர்த்துக்கினு வந்திருக்கீங்க. ரெண்டும் வேற வேறயா சார், இல்ல ஒண்ணுதானா?” என்று கேட்டார். “ஒண்ணுதாங்க ஐயா, இதுல இன்டர்நெட்டும் சேரும், அவ்வளவுதான்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் தகட்டை அளக்கத் தொடங்கினார்.

பாடநூல் சொல்லும் பதிலும் ஏறக்குறைய அதுதான். தகவலைச் சேர்ப்பது, சேமிப்பது, முறைப்படுத்துவது, வேண்டும்போது எடுத்துத் தருவது ஆகியவை தகவல் தொழில்நுட்பம். அவற்றோடு தொலைபேசி, கைப்பேசி, வானொலி, தொலைக்காட்சி, இணையம் போன்ற தொடர்புச் சாதனங்களும் சேர்ந்தால் அது தகவல் மற்றும் தொடர்புத் தொழில்நுட்பம். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கும் என்று இரண்டு வட்டங்கள் வரைந்து காட்டினால் இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். நானே பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால், ஒரு சொல் கூடுவதால் கூடுவது ஒரு கருவிதான், ஒரு கடமை அல்ல என்ற எண்ணத்தை அந்தப் படம் மாணவர்களிடம் விதைக்கிறது. என்னிடமும் அந்த எண்ணம் இருந்தது. அதனால் வந்த இழப்பை ஒரு பிள்ளை சுமக்க நேர்ந்தது.

பெயருக்குள் இருக்கும் சிக்கல்

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்; தமிழில் இது ஒரு தனி முடிச்சாக இருக்கிறது. நாம் ‘தகவல் தொடர்பு’ என்று சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் இரண்டு பொருள்கள் தோன்றுவதில்லை. தொலைத்தொடர்பு போன்ற ஒரே பொருள்தான் தோன்றுகிறது. செய்தி பரிமாறிக்கொள்வதைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லாகவே அது நம்மிடம் நிலைத்துவிட்டது. ஆகவே ‘தகவல் தொடர்பு தொழில்நுட்பம்’ என்று எழுதினால், தகவல் என்ற பகுதி தொடர்பு என்பதற்கு அடைமொழியாகச் சுருங்கி, வெறும் தொடர்புத் தொழில்நுட்பமே மிஞ்சுகிறது. உம்மைத்தொகையாகப் படித்தால் தகவலும் தொடர்பும். வேற்றுமைத்தொகையாகப் படித்தால் தகவலுக்கான தொடர்பு. பலகையில் எழுத்து ஒன்றுதான், பொருள் இரண்டு. அதனால்தான் பலர் ‘மற்றும்’ என்ற சொல்லை நடுவில் வைத்து எழுதுகிறார்கள். எனக்கு அந்த ‘மற்றும்’ பிடிக்காது. ஆனாலும் அது எதற்காக அங்கே வந்தது என்பது இப்போது விளங்குகிறது.

இலங்கையில் தமிழ்வழிப் பள்ளிப் பாடநூல்களில் இப்பாடத்தின் பெயர் ‘தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்’. அங்கே 2003 ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கெனத் தனிச் சட்டம் இயற்றி ஒரு முகமை அமைத்தார்கள். அந்தச் சட்டத்தைவிட அவர்களுடைய ‘தொடர்பாடல்’ என்ற சொல்லே என்னை ஈர்க்கிறது. உரையாடல், உறவாடல், கொண்டாடல் என்று ‘ஆடல்’ சேரும் இடங்களில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. எதிரே ஒருவர் வேண்டும். தொடர்பு என்பது கம்பி இழுத்துவிட்டாலே ஏற்பட்டுவிடும். தொடர்பாடல் இருவர் செய்தால்தான் நடக்கும். தமிழ்நாட்டில் நாமும் இச்சொல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெயர் வந்த வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958 இல் ஹார்வர்டின் வணிக இதழ் ஒன்றில் ஹரோல்ட் லெவிட், தாமஸ் விஸ்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில், இந்தப் புதிய நுட்பத்துக்கு இன்னும் நிலையான பெயர் அமையவில்லை, நாங்கள் இதைத் தகவல் தொழில்நுட்பம் என்று அழைக்கிறோம் என்று குறிப்பிட்டார்கள். அவர்கள் அதில் சேர்த்தவை மூன்று: பெருந்திரளான தகவலை விரைவாகக் கையாளும் முறைகள், முடிவெடுக்க உதவும் கணித, புள்ளியியல் முறைகள், உயர்நிலைச் சிந்தனையைக் கணினி நிரல்களால் செய்துபார்ப்பது. மூன்றும் நிர்வாகியின் மேசையைச் சுற்றியே நிற்கின்றன. தகவல் யாரைப் பற்றியதோ அவரிடம் அது போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அந்த மூன்றில் இல்லை. 1958 இன் நிறுவனங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. பிற்பாடு 1997 இல் பிரிட்டனில் பள்ளிக் கணினிக் கல்வியை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்டீவன்சன் குழுவின் அறிக்கை தொடர்பு என்ற சொல்லையும் உள்ளே கொண்டுவந்து, அதைப் பள்ளிக்கூடங்களில் பரவலாக்கியது. இந்தியாவிலும் 2004 இல் பள்ளிகளுக்கான திட்டம் ஐ.சி.டி. என்ற பெயரிலேயே தொடங்கியது. இங்கிலாந்து 2014 இல் அந்தப் பாடப்பெயரைக் கைவிட்டுக் கணிமைக்கு (கம்ப்யூட்டிங்) போய்விட்டது. அலுவலக மென்பொருள்களைப் பழக்குவதாகவே அந்தப் பாடம் தேய்ந்துவிட்டது என்பதுதான் அதன் மீது எழுந்த பெரிய குறை. எழுத்து கூடினாலும் பாடம் கூடாமல் போகலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

யாராண்ட வந்துச்சு?

எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதித் தேர்ச்சி பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். மலையடிவாரத்துப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை அதில் தேர்வாவது ஊருக்கே பெருமை. எங்கள் மாணவி ஒருத்தி அப்படித் தேர்வானாள். அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, மாதனூர் வழியாக ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவர். பாட்டிதான் வீட்டில் இருப்பார். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவுடன் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பித்துவிட்டு, அச்சிட்ட தாளையும் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளியின் லாகினில் புகுந்து, மதிப்பெண், வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் சரிபார்த்து, நான் மேலே அனுப்பினேன். பச்சை நிறக் குறி வந்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் மற்ற பிள்ளைகளுக்குக் கணக்கில் பணம் ஏறியது, இவளுக்கு ஏறவில்லை. லாகினைத் திறந்து தேடினேன். டிசம்பர் மாதத்திலேயே விண்ணப்பம் திருத்தத்துக்காகத் திரும்பி வந்திருந்தது. காரணமும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் உள்ள தொல்லைதான் அது. பள்ளியில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும், ஆதாரில் அது பின்னால் போயிருக்கும், வங்கியில் அப்பாவின் முழுப்பெயராகவே விரிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பியிருக்கலாம். அதற்குக் கொடுத்த கெடு ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டுக்கான 12,000 ரூபாய் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி, நடந்ததை விளக்கினேன். டிசம்பரிலேயே திரும்பி வந்திருக்கிறது என்றேன். காரணமும் வந்திருக்கிறது என்றேன். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்திருக்கும் என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “வந்துச்சு வந்துச்சுன்றீங்களே சார், யாராண்ட வந்துச்சு?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

இதை எழுதும்போதும் அந்தக் கேள்வியின் இலக்கண அமைப்பை நினைத்துப் பார்க்கிறேன். நான் பேசிய வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. விண்ணப்பம் வந்தது, காரணம் வந்தது, செய்தி வந்தது. யாரிடம் வந்தது என்பதற்கான உருபு ஒரு வாக்கியத்திலும் இல்லை. கொடுப்பது என்றால் கொள்வோர் ஒருவர் வேண்டும் என்பதால்தான் நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமையின் பொருள்களைச் சொல்லும்போது கொடையை முதலில் வைத்தார்கள். தகவலைச் சேமித்தேன், தகவலைச் சரிபார்த்தேன், தகவலை ஏற்றினேன் என்று இரண்டாம் வேற்றுமையோடு நின்றுவிட்டால் அது தகவல் தொழில்நுட்பம். தகவலை அவளுக்குச் சொன்னேன் என்று ‘கு’ உருபு வந்து சேரும் இடத்தில்தான் தொடர்பு தொடங்குகிறது. அந்த அம்மா எந்த இலக்கணமும் படிக்காமல், விடுபட்டதை நேராகச் சுட்டிக் காட்டிவிட்டார்.

அன்று மாலையே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். விண்ணப்பத்தில் பதிவாகியிருந்த கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அம்மாவின் எண்ணோடு பொருந்தவில்லை. கடைத் தம்பியிடம் கேட்டபோது, அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து வைத்தார். “ஓடிபி வர்றதுக்குன்னே வெச்சிருக்கேன் சார். போன் இல்லாதவங்க, நம்பர் மாத்திக்கினே இருக்கிறவங்க, வேலைக்குப் போய்ட்டவங்க, எல்லாருக்கும் இந்த நம்பர்தான் குடுப்பேன். இல்லாட்டி அப்ளிகேஷனே உள்ள போவாது” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த அம்மாவின் கைப்பேசியைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மகள் கடையில் உட்கார்ந்திருக்கும் பகல் வேளையில் அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. தம்பி அவளுக்கு உதவத்தான் தன் எண்ணைக் கொடுத்தார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை எனச் சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்களுக்கு வந்து சேர வேண்டிய செய்திகள் எல்லாம் அந்த ஒரு சிறு பெட்டிக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பெட்டி நிரம்பிவிட்டால் அடுத்த ஓடிபி வராது என்பதால், ஒவ்வொரு நாளும் இரவு கடையை மூடும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம். டிசம்பர் மாதத்துச் செய்தியும் அப்படித்தான் போயிருக்கும்.

அந்த மேசையின் முன்னால் நின்றபோதுதான் கொசப்பேட்டைப் பெரியவரிடம் நான் சொன்ன பதில் தவறு என்பது எனக்கு உறைத்தது. எங்கேயும் எந்தக் கணினியும் பழுதாகவில்லை. பிழையைக் கணினி சரியாகக் கண்டுபிடித்தது. காரணத்தைச் சரியாக எழுதியது. சரியான நாளில் திருப்பி அனுப்பியது. குறுஞ்செய்தியும் கோபுரத்தைத் தாண்டி ஒடுகத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்தது. இணையம் சேர்ந்தால் ஐ.சி.டி. என்று நான் சொன்ன கணக்கின்படி பார்த்தால் இது முழுமையான ஐ.சி.டி. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருத்திக்கு மட்டும் அது தெரியவில்லை. என் லாகினிலும் அது மூன்று மாதம் காத்திருந்தது. திரும்பி வந்தவற்றைக் காட்டும் பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை. என் பெயர்ப்பலகையில் தொடர்பு என்ற சொல் இருந்தது. என் வேலையில் அது இல்லை.

பெறுவானும் சேருமிடமும்

தகவலை அளந்து பார்ப்பதை ஒரு முழுமையான கோட்பாடாக வகுத்துக் காட்டியவர் கிளாட் ஷானன். 1948 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்துதான் தகவல் கோட்பாடு என்ற துறையே பிறந்தது. ஆனால், அவர் தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பில் இருந்த சொல் தொடர்புதான். அவர் பணிபுரிந்தது தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில். அந்தக் கட்டுரையில் ஒரு சிறு படம் உண்டு. செய்தியின் மூலம், அனுப்பி, தடம், பெறுவான், சேருமிடம் என ஐந்து கட்டங்கள். தடத்தின் மேல் இரைச்சல் வந்து கலக்கும். நான் இதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கடைசி இரண்டு கட்டங்களும் ஒன்றுதானே, ஏன் தனித்தனியாக வரைய வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டபோது, படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக் கடந்துவிட்டேன். ஷானன் காரணமாகத்தான் பிரித்திருக்கிறார். பெறுவான் என்பது குறிப்பலையை மீண்டும் செய்தியாக மாற்றித் தரும் கருவி. சேருமிடம் என்பது அந்தச் செய்தி யாருக்கு உரியதோ அவர். இழுப்பறையில் கிடந்த பட்டன் போன் பெறுவான். மலையடிவாரத்து வீட்டில் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை சேருமிடம். நடுவில் இருந்த இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு எந்தத் தடமும் இல்லை.

சட்டமும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 என்பதன் பெயரில் தொடர்பு இல்லை. கைப்பேசியை உள்ளடக்கிய ‘தொடர்புச் சாதனம்’ என்ற வரையறையே 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான் அதற்குள் வந்தது. ஆனால், முதலிலிருந்தே அதில் இருக்கும் 12, 13 ஆம் பிரிவுகள் முழுக்க முழுக்கத் தொடர்பைப் பற்றியவை. மின்னணுப் பதிவு ஒன்று எப்போது பெறப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 13 ஆம் பிரிவு சொல்கிறது: வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினி வளத்துக்குள் அது நுழைந்த கணத்திலேயே பெறப்பட்டதாகிவிடும். படித்தாரா, அவர் கைக்குப் போனதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஒப்பந்தம் செய்யும் வணிகர்களுக்கு இந்த விதி தேவை. இல்லாவிட்டால் எல்லோரும் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால், அதற்கு முந்திய பிரிவு வேறொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. ஒப்புகை கிடைத்தால்தான் இந்தப் பதிவு செல்லும் என்று அனுப்புபவர் நிபந்தனை விதித்திருந்தால், ஒப்புகை வராத வரைக்கும் அந்தப் பதிவு அனுப்பப்படவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். இந்த வரியைப் படித்தபோது நெடுநேரம் அதைவிட்டு நகர முடியவில்லை. அனுப்பியவன் அனுப்பினேன் என்று சொல்வதற்கே எதிர்முனையின் ஒப்புதல் தேவை என்று ஒரு சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

ஒப்புகை என்பது புதிய சரக்கு இல்லை. முன்பெல்லாம் பதிவுத் தபாலோடு ஓர் ஒப்புகை அட்டை போகும். பெற்றவர் கையெழுத்திட்ட பிறகு அது அனுப்பியவர் வீட்டுக்குத் திரும்பி வரும். என் சித்தப்பா காட்பாடி சந்திப்பில் முன்பதிவு கவுன்ட்டரில் இருந்தவர். வேலூருக்கு மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் குடும்பங்கள் திரும்பிப் போக இடம் கேட்டு அவர் முன்னால் நிற்கும். கணினிக்கு முந்திய நாட்களில், வேறு ஊரிலிருந்து புறப்படும் வண்டியில் இடம் வேண்டும் என்றால் அந்த ஊருக்குத் தந்தி அடித்துப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். தந்தி போன தேதியைச் சித்தப்பா பென்சிலில்தான் எழுதுவார். பதில் வந்த தேதியை மட்டும் பேனாவில் எழுதுவார். கணினி வந்த பின்னும் ஒவ்வொரு பெருநகர மையமும் தனித்தனித் தீவாகவே இருந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999 இல் ஒன்றோடொன்று இணைந்த பிறகுதான், எந்த ஊர் கவுன்ட்டரிலும் எந்த வண்டிக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. தனித்தனிக் கணினிகள் தகவல் தொழில்நுட்பம், அவற்றை இணைத்தது தொடர்புத் தொழில்நுட்பம் என்று இதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு இப்போது அதைவிட அந்தப் பென்சிலும் பேனாவுமே பெரிய எடுத்துக்காட்டாகத் தோன்றுகின்றன.

புதுச்சேரிக் கடலோரத்தில் 1990களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையங்களில் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். அதைக் கணினித் திரையில் விட்டுவிடாமல், தமிழில் எழுதி ஒலிபெருக்கியில் கடற்கரை முழுவதும் கேட்கும்படி சொன்னார்கள். அம்மையங்களில் ஒன்று இருந்த நல்லவாடு கிராமத்துக்கு 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றியதால் பல உயிர்கள் பிழைத்தன. அந்த ஒலிபெருக்கி ஷானன் படத்தின் கடைசி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்று வேலை செய்தது.

மருமகனின் மறுப்பு

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் இதையெல்லாம் பொங்கல் விடுமுறையில் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. “மாமா, நெட்வொர்க் இல்லாத கம்ப்யூட்டர் இன்னைக்கு எங்க இருக்கு? ஐ.டி.ன்னு சொன்னாலே அதுல எல்லாம் வந்துடுச்சு. அந்த ‘சி’ தேவையே இல்லை” என்றான். நுட்பத்தின் அளவில் அவன் சொல்வது சரி. நடுவண் அரசில் தகவல் தொழில்நுட்பத்துக்கென 1999 இல் தனி அமைச்சகம் அமைத்து, 2001 இல் தகவல்தொடர்போடு ஒன்றாக்கி, 2016 இல் மறுபடியும் பிரித்தார்கள். இந்தச் சேர்த்தலும் பிரித்தலும் நிர்வாக வசதிக்கானவை, பொருளின் தன்மையால் வந்தவை அல்ல. பொறியியலாளர்களுக்கு இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அவன் வாழும் இடத்தில் பெறுவானும் சேருமிடமும் ஒன்றாகிவிட்டிருக்கின்றன. கைப்பேசி எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கிறது, எண் பத்து ஆண்டுகளாக மாறவில்லை, செய்தி வரும் மொழியை அவனால் படிக்க முடிகிறது. எங்கள் ஊரில் ஒரு கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ரீசார்ஜ் செய்யக் காசு இல்லாத மாதத்தில் எண் போய்விடுகிறது. செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அந்த ‘சி’ அவனுக்குத் தானாகவே நடந்துவிடுகிறது. எங்களுக்கு அதை ஒருவர் செய்தாக வேண்டும்.

ஆகவே, என் வகுப்பில் இப்போது அந்த இரண்டு வட்டங்களை நான் வரைவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் நாள்தோறும் வருகைப்பதிவு ஏற்றுகிறோம். மூன்று நாள் வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே குறி விழுகிறது. அது தகவல் தொழில்நுட்பம். அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரிடமாவது பேசி, ஏன் வரவில்லை என்ற பதில் நமக்குத் திரும்பி வந்தால்தான் அடுத்த சொல்லை அதோடு சேர்க்கலாம் என்று சொல்கிறேன். இந்த வரையறைக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்குமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தேர்வுக்கு எழுத வேண்டியதையும் தனியாகச் சொல்லித் தருகிறேன்.

பலகையையும் மாற்றினேன். கொசப்பேட்டைப் பெரியவரிடம் மீண்டும் போய், அன்று சொன்னது தவறு, இரண்டும் வேறு வேறுதான் என்று சொல்லி, ‘தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப ஆய்வகம்’ என்று எழுதித் தரச் சொன்னேன். எதனால் வேறு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தூரிகையைத் தின்னரில் நனைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு அப்புறம் காசு வந்துச்சா சார்?” என்றார். அந்த ஆண்டுக்கு வரவில்லை என்றேன். பலகைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பிரவுசிங் சென்டர் தம்பி ஒரு நீள நோட்டு வாங்கினார். நானும் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு மாலையும் செய்திகளை அழிப்பதற்கு முன்னால் அவர் எனக்கு அழைத்து, எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியவற்றை மட்டும் படிப்பார். ஓடிபி எண்களைப் படிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, பெயர், செய்தி, யாராண்ட சொன்னது, பதில். நான்காவது பத்தியின் தலைப்பை அப்படியே பேச்சு வழக்கில்தான் எழுதியிருக்கிறேன். முதல் மூன்று பத்திகளையும் பென்சிலால் நிரப்புகிறேன். கடந்த வாரத்துப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு என்று ஒரு பதிவு இருக்கிறது. யாராண்ட சொன்னது என்ற இடத்தில், ‘பாட்டியிடம், ரேஷன் கடை வரிசையில்’ என்று இருக்கிறது. மறுநாள் காலை ஆறேகாலுக்கு, கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன்னால், அவன் அம்மா என்னை அழைத்துப் பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். கடைசிப் பத்தியைப் பேனாவால் எழுதினேன்.